கையகல மீன் மட்டும் சிக்கும் ஏரி

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சுமார் 12 ஏக்கர் பரப்புள்ள நன்னீர் ஏரி. ஆழமான இடத்தில் மூன்று ஆள் ஆழம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை கிலோ கணக்கில் எடையுள்ள கெண்டையும் விராலும் தூண்டிலில் வந்துகொண்டிருந்தன. இப்போது மண்புழு கோத்துப் போட்டால் அடுத்த நிமிடமே தக்கை அமிழ்கிறது. இழுத்தால் கையகல ஜிலேபிக் கெண்டை, அதாவது திலேப்பியா. ஏரியில் மொத்தம் எவ்வளவு மீன் இருக்கும், பெரிய மீன் அழிந்துவிட்டதா, குஞ்சு வாங்கி விடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருவதில் இனிப் பயன் உண்டா? உண்டு என்பது என் பதில். ஆனால் குஞ்சு வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். மீன்வளம் படித்து, சிறு நீர்நிலைகளில் வலை போட்டு அளக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏரியை நேரில் பார்க்காமல் சொல்வதால், எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். எந்த ஏரிக்கும் அது தாங்கக்கூடிய மீன் எடை என்று ஒரு வரம்பு இருக்கிறது. வெயிலும் நீரில் கரைந்துள்ள சத்தும் பாசியை வளர்க்கின்றன. பாசி நுண்ணுயிர்களையும் புழு பூச்சிகளையும் வளர்க்கிறது. அவை மீனை வளர்க்கின்றன. இந்த வரத்துக்கு மேல் ஒரு கிலோகூடக் கூடுதலாக நிற்காது. எண்ணிக்கைக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. உங்கள் ஏரி 1,000 கிலோ மீனைத் தாங்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அரை கிலோ மீன்களாக இருந்தால் அது 2,000 மீன். 40 கிராம் மீன்களாக இருந்தால் 25,000. ஏரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். தூண்டில்காரருக்குத்தான் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். மீனின் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 13 சென்டிமீட்டரில் 40 கிராம் இருக்கும் மீன் 30 சென்டிமீட்டரை எட்டும்போது அரை கிலோவைத் தொட்டுவிடும். நீளம் இருமடங்கைக் கொஞ்சம் தாண்டியதற்கே எடை பன்னிரண்டு மடங்கு. ஆக, தக்கை உடனே அமிழ்கிறது, வருவதெல்லாம் சிறுமீன் என்றால், ஏரி காலியாகிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது நிரம்பி வழிகிறது.

ஜிலேபிக் கெண்டை உள்ள ஏரியில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அந்த மீனின் இயல்பு அப்படி. ஆண் மீன் கரையோர மணலில் தட்டுப்போலக் குழி பறிக்கும். நீர் வடியும் காலத்தில் வரிசையாக அந்தக் குழிகளைக் கரையில் நின்றே பார்க்கலாம். பெண் மீன் முட்டையிட்டதும் அதை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு தானாக நீந்தும்வரை சுமார் மூன்று வாரம் சுமக்கும். ஆகவே முட்டைச் சேதம் மிகக் குறைவு. வெப்பமான நீரில் ஆண்டுக்குப் பலமுறை இது நடக்கும். நெருக்கடி கூடும்போது இந்த மீன் இனப்பெருக்கத்தை நிறுத்துவதில்லை என்பதுதான் வேடிக்கை. வளர்ச்சியை நிறுத்திவிட்டு, பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்த உடம்போடு, இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். வாயில் முட்டை இருக்கும் மீன் அநேகமாக இரை எடுக்காது. அதனால் தூண்டிலில் அதைப் பார்ப்பது அரிது. ஒருமுறை வீச்சுவலை போட்டுப் பாருங்கள். கையளவுகூட இல்லாத மீனைத் தூக்கும்போது அதன் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகளோ கண் மட்டும் தெரியும் குஞ்சுகளோ உதிர்ந்தால், நீங்கள் சின்ன மீன் என்று நினைத்துத் திரும்ப விடுவதெல்லாம் ஒரு தலைமுறையைப் பெற்றுவிட்ட மீன்கள். வளரட்டும் என்று விட்டால் அவை வளரப்போவதில்லை.

இருந்தாலும், பெரிய மீன் ஏரியில் இருந்தும் உங்கள் தூண்டிலுக்கு வராமல் இருக்கலாம். இதைக் கழிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. சிறு முள்ளில் மண்புழு என்பது சிறுமீனைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் கருவி. பெரிய கெண்டை நெருங்கும் முன்பே பத்து ஜிலேபி பாய்ந்து புழுவை உருவிவிடும். போதாததற்கு, கெண்டை இனம் மறதி உள்ளதும் அல்ல. நெதர்லாந்தில் கெண்டைகளை வைத்துச் செய்து 1970-ஆம் ஆண்டு வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஒருமுறை முள்ளில் மாட்டித் தப்பிய மீன் நீண்ட காலத்துக்குத் தூண்டிலைத் தவிர்த்தது தெரிந்தது. எனவே கொஞ்ச நாள் கருவியை மாற்றிப் பாருங்கள். சிறு வாய்க்குள் நுழையாத அளவு பெரிய முள், கெட்டியாகப் பிசைந்த மாவு உருண்டை, அடியில் தங்கும் ஈயக்குண்டு. விராலுக்குச் செடி ஓரத்தில் உயிருள்ள சிறுமீன். இரவு வலை போட அனுமதி உள்ளவர் யாராவது இருந்தால், கண்ணி அகலம் வெவ்வேறாக உள்ள செவுள்வலைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு காலையில் எடுப்பது இவை எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி. அகலக் கண்ணி வலை திரும்பத் திரும்ப வெறுமையாக வந்தால் மட்டுமே பெரிய மீன் இல்லை என்று பேசத் தொடங்கலாம். கரையில் உட்கார்ந்திருப்பவர்களின் நினைவைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். அவர்கள் சொல்லும் பழைய மீனின் எடை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்.

மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட முடியுமா என்றால், முடியும். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் என்ற ஆய்வாளர் 1896-இல் மீன்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்த முறையிலிருந்து வந்த வழி அது. 200 மீன் பிடித்து, துடுப்பின் நுனியைச் சிறிதளவு வெட்டி அடையாளம் செய்து திரும்ப விடுகிறீர்கள். அவை மற்றவற்றோடு கலந்த பிறகு மறுபடி 150 மீன் பிடிக்கிறீர்கள். அதில் 12-இல் அடையாளம் இருக்கிறது. 200-ஐ 150-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,500. கணக்கு எளிது, நிபந்தனைகள் கடினம். இடையில் மீன் பிறக்கக் கூடாது, சாகக் கூடாது, உபரி நீர் வழியும் கலங்கல் வழியாக வெளியேறக் கூடாது. அடையாளமிட்ட மீனும் இடாத மீனும் ஒரே வாய்ப்போடு வலையில் விழ வேண்டும். 12-க்குப் பதில் 8 கிடைத்திருந்தால் விடை 3,750 ஆகிவிடும்; 16 கிடைத்திருந்தால் 1,875. தற்செயலாக நாலு மீன் கூடக் குறைய விழுந்ததற்கே இத்தனை ஆட்டம். மாதந்தோறும் பெருகும் ஜிலேபிக்கு இதைச் செய்வது வீண் வேலை. விரால்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அறிய மட்டும், பொறுமை இருந்தால் செய்யலாம்.

எண்ணுவதைவிட அளப்பது நல்லது. ஒரு மாதம் கரையில் பிடிபடும் மீன் ஒவ்வொன்றையும், கொண்டுபோவதானாலும் திரும்ப விடுவதானாலும், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்து இனத்தோடு எழுதிவையுங்கள். பிறகு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான ஏரியில் சிறியது நிறைய, நடுத்தரம் கொஞ்சம், பெரியது சில என்று படிப்படியாகச் சரியும். ஜிலேபி எல்லாம் 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் ஒரே மேடாகக் குவிந்து, அதற்கு மேல் திடீரென்று ஒன்றுமே இல்லை என்றால் வளர்ச்சி அங்கே நின்றுவிட்டது. மீனின் முகமும் அதைச் சொல்லும். வளர்ச்சி குன்றிய மீனுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, அதில் இன்னும் பெரிய கண்; முதுகு கத்தியைப்போல மெலிந்து, வயிறு ஒட்டி இருக்கும். அதே நீளத்தில் கொழுத்த மீன் வந்தால் அது இளம் மீன், வளர்கிறது. செதிலை உருப்பெருக்கியில் வைத்து வளையங்களை எண்ணி வயதைச் சொல்லும் வழக்கம் உண்டு. கடுங்குளிர் வந்து வளர்ச்சியை நிறுத்தும் பகுதிகளில் அது நன்றாகப் பொருந்தும். ஆண்டு முழுவதும் வெப்பமாக உள்ள நீரில் வளையம் தெளிவாக விழாது, ஆகவே செதிலை மட்டும் நம்பி வயதைத் தீர்மானிக்க மாட்டேன்.

உங்கள் குறிப்பேட்டில் கட்லா, ரோகு, மிருகால் வந்தால் தனியாக எழுதிவையுங்கள். இவை மழை வெள்ளம் பாயும் ஆறுகளில் முட்டையிடுபவை. தேங்கிய சிறு ஏரியில் பொதுவாகப் பெருகுவதில்லை. வளர்ப்புக் குளங்களில் இவற்றுக்கு ஊசி மூலம் ஹார்மோன் செலுத்தி முட்டையிடச் செய்யும் முறையை இந்திய மீன்வள ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரியின் குழுவினர் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் வெற்றிகரமாகச் செய்துகாட்டினார்கள். அதற்குமுன் ஆற்றுக் குஞ்சுதான் ஆதாரம். ஆகையால் உங்கள் ஏரியில் முன்பு கிலோ கணக்கில் வந்த கெண்டை இந்த இனங்களாக இருந்திருந்தால், யாரோ ஒரு காலத்தில் குஞ்சு விட்டிருக்கிறார்கள் அல்லது வெள்ளத்தில் வரத்துக்கால் வழியாக வந்திருக்கின்றன. விடுவதை நிறுத்தினார்கள், இருந்தவை பிடிபட்டுத் தீர்ந்தன, அவ்வளவுதான் கதை. இதில் மர்மமும் இல்லை, மாசும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இது ஊகம்தான். பழைய மீன்கள் எந்த இனம், ஒரே ஆண்டில் ஒரே அளவில் கூட்டமாக வந்தனவா என்று விசாரித்தால் தெளிந்துவிடும்.

இன்னொரு சாத்தியம் தண்ணீரில் இருக்கிறது. எப்போதாவது விடியற்காலையில் பெரிய மீன்கள் செத்து மிதந்தனவா என்று கேளுங்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஏழரைதான். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் சேற்றுக் கிருமிகளும் சேர்ந்து அதையே உறிஞ்சும். அதனால் மிகக் குறைந்த அளவு சூரிய உதயத்துக்குச் சற்று முன்னால் வரும். 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 2-க்குக் கீழே போனால் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பச்சைப் பாசி மண்டிய ஏரியில் மேகமூட்டமான நாட்கள் தொடர்ந்தால் அந்த நிலை எளிதில் வரும். கோடையில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்காகப் பிரியும்; நீந்துபவர்களுக்குக் காலடியில் அந்தக் குளிர்ச்சி தெரியும். அடியடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நங்கூரக் கல்லில் ஒட்டி வரும் சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான் அடையாளம். பலத்த காற்றும் மழையும் அந்த இரண்டு அடுக்கையும் ஒரே இரவில் கலக்கும்போது மீன் சாகிறது; அதில் பெரிய மீன்தான் முதலில் போகிறது. விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். பழைய வெண்தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, நண்பகலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று பாருங்கள். இத்தாலியரான ஆஞ்செலோ செக்கி 1865-இல் கடலில் செய்ததும் இதைத்தான். இன்றும் இதைவிட மலிவான கருவி கிடையாது. தண்ணீர் பச்சையாக இருந்து, 30 முதல் 60 சென்டிமீட்டரில் தட்டு மறைந்தால் வளமான ஏரி. 20-க்குள்ளேயே மறைந்தால் விடியற்காலை ஆபத்தை எதிர்பார்க்கலாம். சேற்றுக் கலங்கலால் மறைந்தால் இந்த அளவு பொருந்தாது.

இனி, குஞ்சு விடும் கேள்வி. ஏற்கெனவே நிரம்பிய ஏரியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக் குஞ்சுகளைப் பையோடு கொட்டுவது, இருக்கும் மீன்களுக்குத் தீனி போடுவதுதான். பிழைப்பவையும் அதே பசியில் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் குளங்களை வடித்து, இருந்த மீனையெல்லாம் எடைபோட்டுப் பார்த்த ஹோமர் ஸ்விங்கிள் 1950-இல் எழுதியது இன்றைக்கும் உதவும். இரையாகும் மீனின் மொத்த எடை, வேட்டை மீனின் மொத்த எடையைப்போல மூன்று முதல் ஆறு மடங்குக்குள் இருந்த குளங்களே தூண்டிலுக்கு நல்லவையாக இருந்தன. அவர் பார்த்த இனங்கள் வேறு. அந்த எண்ணை அப்படியே உங்கள் ஏரிக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் திசை அதுதான்: வேட்டை மீன் குறைந்தால் சிறுமீன் பெருகி எல்லாம் குன்றும். விரால் முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தென்கிழக்கு ஆசியாவில் ஜிலேபி வளர்க்கும் குளங்களில் குஞ்சுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த விராலையே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறது.

ஆகவே நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். கையகல ஜிலேபியைத் திரும்ப விடாதீர்கள். ஏரிக்குப் பொறுப்பானவரின் அனுமதியோடு இழுவலை போட்டு, வாரியெடுக்க முடிந்த அளவு வாரியெடுங்கள். ஒருமுறை எடுத்து நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி நிரம்பிவிடும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விராலைச் சில காலம் தொடாதீர்கள். செடி ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்று பந்துபோலத் திரண்டு, மூச்சுக்காக மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால், அதற்கடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கிறது. அந்த இடத்தில் இரையைப் போட்டால் காவல் மீன் கோபத்தில் பாய்ந்து கட்டாயம் மாட்டும். இது தூண்டில்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம், ஏரியைக் கெடுத்த ரகசியமும் இதுதான். காவல் போனால் அந்தக் கூட்டத்தை ஜிலேபிகளே தின்று தீர்த்துவிடும். சிறுமீன் குறைந்த பிறகு கெண்டைக் குஞ்சு விட விரும்பினால், விரல் நீளத்துக்குக் குறையாதவற்றை, முடிந்தால் இன்னும் பெரியவற்றை வாங்குங்கள். பையை ஏரி நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு திறங்கள். வேட்டை மீன் வேண்டும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் போன்ற அயல் இனத்தை மட்டும் கொண்டுவர வேண்டாம். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் ஜிலேபியின் மூல இனமான மொசாம்பிக் திலேப்பியாவே இருக்கிறது. ஒரு விருந்தாளியை விரட்ட இன்னொருவரை அழைத்த ஏரிகள் பல உண்டு. புல்கெண்டையும் யோசித்துச் செய்ய வேண்டியது. செடியை மொத்தமாகத் தின்றுவிட்டால் விரால் ஒளிய இடமில்லாமல் போகும், தண்ணீர் பாசியாகும்.

மீன் கடிப்பது அமாவாசை, பௌர்ணமி, காற்றழுத்தத்தைப் பொறுத்ததா என்றும் ஒரு வரி கேட்டிருந்தார். இவற்றில் உறுதியாகச் சொல்லத்தக்க ஆதாரம் மெலிந்தது. காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்குவதும், மீன் 10 சென்டிமீட்டர் மேலே நீந்துவதும் அதன் உடம்புக்கு ஒன்றுதான். அதை மீன் நாள் முழுவதும் செய்துகொண்டே இருக்கிறது. அழுத்தம் மாறும்போது கூடவே வரும் காற்றும் வெளிச்சக் குறைவும்தான் காரணம் என்பது என் எண்ணம். காற்று ஒரே பக்கமாக வீசும் நாளில், அலை மோதும் கரையில் போடுங்கள். மிதவை இரை அங்கேதான் ஒதுங்கும், ஆக்சிஜனும் கூடுதல். கோடையில் ஆழம் தேடிப் போவது வீண், அடியில் மூச்சுவிட முடியாது. இடைப்பட்ட ஆழமும் செடி விளிம்பும் போதும். கெண்டை மேலே வாய் பிளந்து நிற்கும் விடியற்காலையில் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், அது இரை எடுக்கும் நிலையில் இல்லை.

வலையெடுப்பும் விரால் காவலும் ஒழுங்காக நடந்தால், ஓரிரு ஆண்டுகளில் ஜிலேபியின் அளவே முதலில் கூடும். விரால் அதற்குப் பின்னால்தான். அந்த ஒரு மாத அளவுகளையும், தட்டு மறைந்த ஆழத்தையும், பழைய கெண்டையின் இனத்தையும் இங்கே எழுதுங்கள். ஊகம் என்று நான் சொன்னவற்றில் பாதியை அவை தீர்த்துவிடும்.